பாலாற்றங்கரைத் தோல் தொழில்: உற்பத்தியும் சேவையும்

வேளாண்மை, உற்பத்தித் தொழில், சேவைத் தொழில் என ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மூன்றாகப் பகுத்துக் காண்பது பொருளியலார் வழக்கம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கும், பின்னர் மூன்றாவதற்கும் படிப்படியாக ஏறிச் செல்வதே வளர்ச்சி என்றும் கூறுவர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய பாலாற்றங்கரை ஊர்களின் தோல் தொழில் வரலாறே போதுமானது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் முறை இப்பகுதியில் நெடுநாளாக வழங்கி வந்தது. அவ்வாறு பதனிட்ட தோல், 19ஆம் நூற்றாண்டில் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயருடன் இலண்டன் சந்தையை அடைந்தது. பதனிடும் கூடங்களை நடத்தியோருள் முஸ்லிம் வணிகர் மிகப் பலர். ஆயினும் கூடத்தில் நடந்த வேலை மட்டுமே தோலைக் கடல் கடத்திவிடவில்லை. சென்னைப் பெரியமேட்டின் மண்டிகள், தரம் பிரிப்போர், தரகர், முன்பணம் தந்தோர், கப்பல் முகவர் ஆகியோர் அனைவரும் சேர்ந்தே அதனைச் சரக்காக்கினர். ஆகவே சேவை என்பது உற்பத்திக்குப் பின்னால் வந்த படியன்று. அதனுடனேயே பிறந்தது எனலாம்.

இத்தொழிலின் ஆதாயம் பொதுப்பணிகளாகவும் மலர்ந்தது. மேல்விஷாரத்தைச் சேர்ந்த தோல் வணிகர் மர்ஹூம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் கொடையால் சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே சித்தீக் சராய் எழுந்தது. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது.

எனினும் ஒரு குறை நீடித்தது. நம்மிடமிருந்து சென்றது அரைப்பதத் தோலே. சாயமேற்றி, மெருகிட்டு, காலணியாகத் தைக்கும் வேலையும் அதன் இலாபமும் அயல்நாட்டாருக்கே உரியனவாயின. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இந்நிலையை மாற்றுவதற்கான அறிவையும் பயிற்சியையும் வழங்கியது. 1973இல் இந்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கும் வரம்பு விதித்தது. வணிகர் தயங்கினும், முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறினர். காலணித் தொழிற்கூடங்கள் பெருகவே, ஆம்பூர்ப் பகுதியில் பல்லாயிரம் பெண்கள் முதன்முறையாக மாதச் சம்பளம் பெற்றனர். ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஓர் அரசாணையும் சேர்ந்து ஓர் ஊரின் பொருளாதாரத்தையே மாற்றின என்பது இங்கு நாம் கருதத்தக்கது.

இனி மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. மரப்பட்டையின் இடத்தைக் குரோமிய உப்புகள் பிடித்தன. கழிவுநீர் பாலாற்றில் கலந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்னும் ஆய்வுக் கணக்கை எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என விதித்து, ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் இட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்த பின்னரும் சிக்கல் தீரவில்லை. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் பாலாற்றைச் சீரமைக்கவும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

தரகருக்கும் கப்பலுக்கும் கூலி எழுதிய வணிகக் கணக்கில், கழிவைச் சுமந்த ஆற்றுக்கு ஒரு வரியும் எழுதப்படவில்லை. அந்தக் கூலியை உழவரே தம் கிணறுகளாலும் நிலங்களாலும் செலுத்தினர். நீரைத் தூய்மை செய்வதும் ஒரு சேவையே; அதன் விலை தோலின் விலையில் அடங்கியிருக்க வேண்டும். அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைக் கடமையாகக் கொண்ட வணிகச் சமூகம், இந்த விடுபட்ட கணக்கையும் தன் ஏட்டில் ஏற்றுவதே முறையாகும். கல்லூரியும் சராயும் எழுப்பிய கொடையுள்ளம் ஆற்றையும் மறவாதிருக்க வேண்டும் என்பதே நம் அவா.