ரூபாய்த் தாள்களில் தொட்டறியும் குறிகள்

பார்வையற்றோர் ரூபாய்த் தாளின் மதிப்பை விரலால் தடவி அறிய உதவும் புடைப்புக் குறிகள், 1996-இல் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசையில் அறிமுகமாயின. 100 ரூபாய்க்கு முக்கோணம்; 500 ரூபாய்க்கு வட்டம். செதுக்கிய தகட்டின் பள்ளத்தில் மை நிரப்பி, தாளை மிகுந்த அழுத்தத்தில் பதிக்கும்போது மை மேடாக நிற்கிறது. கள்ளத்தாளில் இம்மேடு எளிதில் அமையாது. ஆகவே இது பாதுகாப்புக் கூறும் ஆகும். தாள் கைமாறித் தேயத் தேய மேடும் மழுங்கிவிடும்.

2015-இல் ஓரச் சாய்கோடுகள் சேர்க்கப்பட்டன: 100-க்கு 4, 500-க்கு 5.

2016 நவம்பரில் புதிய வரிசை வந்தபோது தாள்கள் சிறுத்தன. பழைய 100, 500 தாள்களின் நீளம் முறையே 157, 167 மி.மீ.; புதியவற்றில் 142, 150 மி.மீ. இடையில் வந்த 200 ரூபாய்த் தாள் 146 மி.மீ. நான்கு மில்லிமீட்டரை அவசரத்தில் எந்த விரல் அளக்கும்?

இந்திய ரிசர்வ் வங்கி 2020 சனவரி 1 அன்று வெளியிட்ட 'மணி' செயலி, இணையமின்றியே தாளின் மதிப்பைப் பேசிச் சொல்கிறது. ஆயினும் அதற்குத் திறன்பேசி வேண்டும்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் புழங்கும் 500 ரூபாய்க்காவது குறி உண்டு. ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் ஒரு முழம் பூவுக்கு நீட்டப்படும் புதிய 20, 50 ரூபாய்த் தாள்களில் அதுவும் இல்லை.