அரசாங்கம் அஞ்சிய ஆடை

1746-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ஆம் தேதி கலோடன் மேட்டுநிலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன யுத்தத்தையும், அரசரை எதிர்த்துக் கலகம் செய்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் உயிர் தப்பி ஓடியதையும், அரசாங்கத் தரப்பில் வென்ற கம்பர்லண்ட் பிரபுவின் சேனை ஸ்காட்லாந்தின் மலைநாடாகிய ஹைலண்ட்ஸில் புகுந்து குடிசைகளைக் கொளுத்தி ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றதையும் சென்ற இதழில் கண்டோம். தோற்றவனுடைய ஆயுதத்தைப் பறிப்பது எக்காலத்திலும் அரசர்கள் செய்து வந்த காரியமே. லண்டன் பார்லிமெண்டோ அவ்வளவில் திருப்தி கொள்ளாமல், தோற்றவன் இடுப்பில் இருந்த துணியையும் பறிக்க முற்பட்டது. அந்தத் துணியின் சரித்திரமே இவ்வார விஷயம்.

கேலிக் மொழி பேசிய அம்மலைவாசிகளின் பழைய உடை, வெட்டி உருவம் கொடுக்கப்படாத ஒரு நீண்ட கம்பளித் துணி. தறியில் நெய்த இரண்டு பட்டைகளை ஓரத்தோடு ஓரம் இணைத்து, ஏறத்தாழ 5 கஜ நீளத்துக்கு அதை அமைத்துக் கொள்வார்கள். பல வர்ணக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கட்டங்களாக அமையும் அந்த நெசவுக்கு டார்ட்டன் என்று பெயர். தரையில் ஒரு தோல்வாரை இட்டு, அதன்மேல் துணியை விரித்து மடிப்பு மடிப்பாகக் கொசுவி, அதில் படுத்து இரு ஓரங்களையும் முன்னே இழுத்து வாரை இறுக்கிக்கொண்டு எழுந்தால், கீழ்ப்பாதி முழங்கால் அளவில் பாவாடைபோல நிற்கும். மேற்பாதியைத் தோளில் ஏற்றி ஊசியால் செருகிக் கொள்வார்கள். நம் பெரியவர்கள் எட்டு முழ வேட்டியைக் கொசுவி இடுப்பில் நிறுத்துவதைப்போல, உடுத்துகிறவனுடைய கைப்பழக்கமே அதற்கு உருவம் தந்தது. ஃபேலெ மோர், அதாவது பெரிய ஆடை, என்று அதை அவர்கள் வழங்கினார்கள்.

அந்த மண்ணுக்கும் வானிலைக்கும் அதைவிடப் பொருத்தமான உடை வேறில்லை. ஓயாது மழை தூறுகின்ற மலைச்சரிவில், முழங்காலளவு ஈரப் புதரிலும் சேற்றிலும் நடந்து, பாலமற்ற ஓடைகளை இறங்கிக் கடந்து மாடு மேய்க்கிறவனுக்குக் கால்சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும் பாரம். மடிப்பாடையோ காலை மறைக்காமல் விட்டு இடுப்பைக் கதகதப்பாக வைத்தது. இரவில் வாரை அவிழ்த்துவிட்டால் அதுவே அவனுக்குப் படுக்கையும் போர்வையும் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் தனியே உடுத்தும் வழக்கம் பரவியது. ஃபேலெ பெக் என்னும் அந்தச் சிறிய ஆடையே இன்று உலகம் அறிந்த கில்ட். கிளென்கேரியில் இரும்பு உருக்கு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் தம் வேலையாட்களின் சௌகரியத்துக்காக அதை முதன்முதல் அமைத்தார் என்று 1785-இல் அச்சான ஒரு கடிதம் கூறிற்று. அதை மறுப்போரும் உண்டு. தொடங்கியவர் எவராயினும், கலோடன் யுத்தத்துக்குள் மலைஜனங்கள் அதைத் தமதாக்கிக் கொண்டுவிட்டனர் என்பதில் ஐயமில்லை.

1746-இல் இயற்றப்பட்ட ஆயுதப் பறிப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு, 1747 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் எந்தச் சிறுவனும் மலைநாட்டு உடையைத் தரிக்கலாகாது என்று விதித்தது. பெரிய ஆடை, சிறிய ஆடை, கட்டம்போட்ட கால்சட்டை, தோள்வார் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுத்ததோடு, டார்ட்டன் துணியில் மேலங்கி தைப்பதையும் விலக்கியது. முதல் முறை மீறியவனுக்கு ஜாமீன் இல்லாத ஆறு மாதச் சிறை. மறுமுறை மீறினால் ஏழு வருஷம் கடல் கடந்த தோட்டங்களுக்கு நாடு கடத்தல். பெண்களைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே நெசவு பெண்ணின் தோளில் இருந்தால் வெறும் துணி, ஆணின் இடுப்பில் இருந்தால் ராஜத்துரோகம் என்றாயிற்று. ஏனெனில் குலத்தலைவன் அழைத்த மாத்திரத்தில் வாளேந்தி ஓடிவரும் வீரனின் அடையாளமாகவே லண்டன் அந்த உடையைக் கண்டு அஞ்சியது.

இதன் அநீதியை உணர்ந்தவர்கள் அரசாங்கப் பக்கத்திலேயே இருந்தார்கள். கலகத்தை அடக்குவதற்குத் தம் செல்வாக்கையும் பொருளையும் செலவழித்த ஸ்காட்லாந்துத் தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ், அந்நாட்டின் தட்பவெப்பத்துக்கும் வேலைக்கும் இந்த உடையே ஏற்றது என்றும், தடைவிதித்தால் விசுவாசமான குலங்களும் துரோகிகளோடு சேர்ந்து தண்டனை அனுபவிக்க நேரும் என்றும் எடுத்துக் காட்டினார். அவர் பேச்சு ஏறவில்லை. அவர் அஞ்சியது அப்படியே நடந்ததற்கு டங்கன் பான் மாக்கின்டயர் சாட்சி. எழுதப் படிக்க அறியாத அந்த மகாகவி, 1746 ஜனவரியில் ஃபால்கர்க் யுத்தத்தில் அரசர் பக்கம் நின்று போரிட்டவர். அவருக்கும் கால்சட்டையே விதிக்கப்பட்டது. அந்தக் கால்சட்டையை வெறுத்து அவர் கட்டிய பாட்டு, எதிர்க்கட்சியில் நின்றவர்களின் துயரத்தையும் தன்னுள் ஏற்றுக்கொண்டு, பகைத்து நின்ற இரு சாராரையும் ஒரே அவமானத்தில் ஒன்றாக்கியது.

ஜனங்கள் தமக்குத் தெரிந்த வழிகளில் சட்டத்துக்கு ஈடு கொடுத்தார்கள். மடிப்பாடையின் நடுவே கால்களுக்கிடையில் தையலிட்டு, இதுவும் கால்சட்டையே என்று வாதித்தவர்கள் உண்டு. கால்சட்டையைக் கழியில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு, அதை வைத்திருப்பதே கீழ்ப்படிதல் என்று நடந்தவர்களும் உண்டு என்று படைத்தலைவர் டேவிட் ஸ்டூவர்ட் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதே உடை ஓரிடத்தில் மட்டும் தடையின்றித் தழைத்தது. அரசரின் சேனையில் சேர்ந்தவர்களுக்குச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. கலகத்துக்காக 1747-இல் சிரச்சேதம் செய்யப்பட்ட லோவட் பிரபுவின் மகன் சைமன் ஃப்ரேசர், பத்தே ஆண்டுகள் கழித்து அரசாங்கத்துக்காக ஒரு மலைநாட்டுப் படைப்பிரிவைத் திரட்டினார். அது 1759-இல் கனடாவின் க்யூபெக் நகரை வெல்லும் யுத்தத்தில் போரிட்டது. தன் வீட்டு வாசலில் உடுத்தினால் குற்றமாகிய உடை, சாம்ராஜ்யத்துக்காக அந்நிய மண்ணில் உயிர் விடும்போது பெருமையாயிற்று.

1773-இல் அப்பிரதேசத்தில் யாத்திரை செய்த டாக்டர் சாமுவேல் ஜான்சன், தாம் சென்ற இடமெங்கும் சட்டம் அனுசரிக்கப்படுவதையும், பழைய உடையை முழுமையாக அணிந்த கனவான் ஒருவரை மட்டுமே தாம் கண்டதையும் குறித்திருக்கிறார். எனினும் இடுப்பில் சுற்றும் சிறிய ஆடை சாமானிய மக்களிடம் இன்னும் பரவலாக இருப்பதையும் அவர் கவனித்தார். கனவான்கள் கைவிட்டதை ஏழைகள் காப்பாற்றி வந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

1778-இல் லண்டனில் தோன்றிய மலைநாட்டுச் சங்கத்தின் தூண்டுதலால் கிரஹாம் பிரபு கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1782 ஜூலை முதல் தேதி அந்தத் தடை ஒழிந்தது. 35 வருஷம் கழிந்திருந்தது. தடை தொடங்கியபின் பிறந்த குழந்தை தலை நரைக்கத் தொடங்கும் பருவத்தை எட்டியிருந்தது. டங்கன் பான் மகிழ்ந்து மறுபடியும் பாடினார். ஆனால் மீண்டுவந்த உடையை ஆடம்பரத்தோடு ஏந்திக்கொண்டவர்கள் மாடு மேய்த்தவர்கள் அல்லர். பட்டணத்துச் சங்கங்களின் விருந்து மண்டபங்களில் கூடிய நிலப்பிரபுக்களே.

அதன் சிகரம் 1822 ஆகஸ்ட் மாதம். ஏறக்குறைய 170 ஆண்டுகளாக ஆளும் அரசர் எவரும் கால் வைக்காத ஸ்காட்லாந்துக்கு நான்காம் ஜார்ஜ் விஜயம் செய்தார். வரவேற்பு ஏற்பாடுகளை நடத்தியவர் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். அரசர் 1,354 பவுன் செலவில் தயாரான மலைநாட்டு உடையில் எடின்பரோவில் காட்சியளித்தார். கலோடனில் வென்ற கம்பர்லண்ட் பிரபு அவருடைய பாட்டனாருக்கே உடன்பிறந்த தம்பி என்பதை நினைத்தால், அந்தக் காட்சியின் முழு அர்த்தமும் விளங்கும். அவ்விழாவுக்கு ஆயுதந்தரித்த பரிவாரத்தோடு வந்தவர்களில் ஒருவர் கிளென்கேரியின் தலைவர் அலாஸ்டேர் மாக்டானல். உண்மையான மலைநாட்டார் சங்கம் என்று ஒன்றை 1815-இல் நிறுவியவர். ஓவியர் ரேபர்ன் தீட்டிய படத்தில் கில்ட் அணிந்து கம்பீரமாக நிற்பவர். அதே மனிதர் தம் நிலத்தைச் செம்மறியாட்டுக்கு விட்டு லாபம் ஈட்டும்பொருட்டுத் தம் குடிகளை வெளியேற்றினார்; தலைமுறை தலைமுறையாக அந்த உடையை உடுத்தியவர்கள் கனடாவுக்குக் கப்பலேறினார்கள்.

பிற்கால வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். விக்டோரியா மகாராணி பால்மோரலைத் தம் இல்லமாக்கியபின் கில்ட் ராஜமரியாதை பெற்றது; முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிச் சேற்றில் அதன் மடிப்புகள் நனைந்து கனத்தன; 1940-இல் பிரான்ஸில் நடந்த போரோடு யுத்தகள உடையாக இருந்த அதன் வாழ்வு முடிந்தது. இன்று ஸ்காட்லாந்தில் மணமகனும், பட்டம் பெறும் மாணவனும், கால்பந்து ஆட்டத்துக்குச் செல்லும் இளைஞனும், சிலர் அன்றாட வேலைக்குச் செல்கையிலும் அதை அணிகிறார்கள். அது ஆண்மைக்குக் குறைவு என்று அங்கே யாரும் கருதுவதில்லை.

ஆயினும் சரித்திரம் கற்பிக்கும் பாடத்தை நாம் மறக்கலாகாது. சட்டத்தால் அந்த ஆடையை அழிக்க முடியவில்லை. அதைக் காத்தவர்களை அழிக்க வாடகைக் கணக்கு போதுமாயிருந்தது. ஒரு சமூகத்தின் உடையையும் பாட்டையும் மேடையேற்றிக் கொண்டாடுகிற கைகள், அச்சமூகத்துக்குக் குடியிருக்க மண் விட்டுவைத்தனவா என்று கேட்பதே அந்த உடைக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

அடுத்த இதழில், 1814-ஆம் வருஷம் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் கூரைகள் எரிந்த கதையையும், அதற்காக நீதிமன்றத்தில் நின்று விடுதலை பெற்ற பாட்ரிக் செல்லரின் வழக்கையும் காண்போம்.

(தொடரும்)