பொன்னின் செந்நிறக் கோடு

பொன்னின் நிறம் மஞ்சள் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அதே பொன்னை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரிலே பரவச் செய்தால் அந்நீர் மாணிக்கம் போலச் சிவந்து தோன்றும். ஒரு துளி இரத்தத்திலிருந்து மலேரியா நோயைச் சில நிமிடங்களில் அறிவிக்கும் சோதனைத் தாளிலே தோன்றும் செந்நிறக் கோடு பெரும்பாலும் இப்பொன்னினால் ஆகியதே.

இச்செந்நீரை 1857 ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே மைக்கேல் பரடே ஆராய்ந்தார். பொன்னுப்புக் கரைசலைப் பொசுபரசைக் கொண்டு தாக்கமுறச் செய்து அதனைப் பெற்ற அவர், கண்ணுக்குப் புலப்படாத பொன் துகள்களே அந்நிறத்துக்குக் காரணம் எனக் கருதினார். அவர் நாடியது ஒளியின் இயல்பையே; மருத்துவம் அவர் நோக்கமன்று. பின்னர் றிச்சட் சிக்மொண்டி, அத்துகள்களின் இருப்பைக் காட்டவல்ல நுணுக்குக்காட்டியை அமைப்பதிற் பங்கு கொண்டார். கூழ்நிலைப் பொருள்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1925 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

பொன் துகள் பிறபொருளெதிரியோடு இணைந்தது 1971 ஆம் ஆண்டிலாகும். உடலிற் புகும் அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமே பிறபொருளெதிரி. போக், ரெயிலர் என்னும் இருவர் அதனைப் பொன் துகளோடு பிணைத்து, எலத்திரன் நுணுக்குக்காட்டியிற் காணச் செய்தனர். அவ்விணைப்பே பிற்காலத்திற் சோதனைத் தாளுக்கும் உதவிற்று. இரத்தம் தாளில் ஊர்ந்து செல்கையில், நோயொட்டுண்ணியின் புரதத்தைப் பொன் தாங்கிய பிறபொருளெதிரி பற்றுகின்றது. வழியில் ஒரு கோட்டிலே பதிக்கப்பட்ட வேறு பிறபொருளெதிரிகள் அவ்விரண்டையும் தடுத்து நிறுத்த, அங்கே பொன் திரண்டு சிவக்கின்றது.

நுணுக்குக்காட்டியும் மின்சாரமும் இல்லாத கிராமங்களிலே காய்ச்சல் கண்டவர்க்கெல்லாம் ஊகத்தின்பேரில் மலேரியா மருந்து கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. அதனால் வேறு நோயுற்றோர் உரிய சிகிச்சையை இழந்தனர். மலேரியா என ஐயுறும் ஒவ்வொருவரையும் சோதித்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டுமென 2010 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. எளிய சோதனைத் தாள் கிடைத்திராவிடின் அவ்வறிவுரை பல ஊர்களில் ஏட்டளவிலேயே நின்றிருக்கும்.

எனினும், அதே ஆண்டில் பெரு நாட்டின் அமேசான் பகுதியிலே ஓர் இடர் வெளிப்பட்டது. பல சோதனைத் தாள்கள் தேடும் புரதத்தை ஆக்காத மலேரியா ஒட்டுண்ணிகள் அங்கே காணப்பட்டன. அத்தகைய நோயாளரின் தாளிற் கோடு தோன்றாமற் போகலாம். பொன் எத்துணைத் தெளிவாக நிறங்காட்டினும், அது பற்றுவது பிறபொருளெதிரி தேடும் பொருளையே. ஆகவே அத்தாளைப் பயன்படுத்துவோர் தத்தம் நாட்டு ஒட்டுண்ணிகளின் மாற்றத்தையும் இடையறாது கவனித்தல் இன்றியமையாதது.