மார்ஷல் துரேனின் செப்புத்தகட்டு உருவம்

பிரெஞ்சுப் படைத்தலைவர் துரேன் பிரபுவின் திருவுருவை, 17-ஆம் நூற்றாண்டின் சிறந்த செதுக்கோவியர் ராபர்ட் நாந்தேய் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்டார். கவசம் பூண்ட மார்பளவு உருவம். கூரிய உளியால் தகட்டைக் கீறி, கீறல்களில் மை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து உருளையால் அழுத்துவது அக்கலையின் முறை. அச்சில் இடம் வலமாகும். ஆகவே எழுத்துக்களையும் மாற்றியே வெட்ட வேண்டும். ஐரோப்பாவின் பழைய செபப்புத்தகங்களிலுள்ள புனிதர் படங்கள் பலவும் இவ்விதம் உண்டானவையே. இத்தொழில் கைவினையன்று, கலையே என்று மன்னர் 14-ஆம் லூயி 1660-இல் ஆணையிட்டார்.

துரேன் 1611-இல் செடான் நகரில் கால்வீனிய குடும்பத்தில் பிறந்தவர். 1643-இல் மார்ஷல் பட்டமும், 1660-இல் மார்ஷல்களுக்கெல்லாம் மேலான பட்டமும் பெற்றார். கத்தோலிக்கரானால் இன்னும் உயர்ந்த பதவி உண்டு என்று ஆசை காட்டப்பட்டபோது மறுத்துவிட்டார். அவரது மனைவி 1666-இல் இறந்தார். பின்னாளில் ஆயரான போசுவே எழுதிக்கொடுத்த மறைவிளக்கத்தைப் படித்துத் தெளிந்து, 1668-இல், தம் 57-ஆம் வயதில், பதவிப் பேச்சு ஏதுமின்றித் திருமறை தழுவினார். மனம் மாறியவரெல்லாம் ஆதாயத்துக்காகவே மாறினர் என்று ஏளனம் பேசுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இத்துடன் நிறுத்தினால் நமக்கு வசதிதான். ஆனால் அவர் மறை தழுவிய ஆறாம் ஆண்டில், 1674-இல், ரைன் நதியோரத்துப் பலாத்தினேட் நாட்டின் ஊர்களை அவரது படை எரித்தது. மனம் கொதித்த அந்நாட்டுக் கோமான் கார்ல் லுட்விக், துரேனைத் தனிப்போருக்கு அழைத்துக் கடிதம் விடுத்தார். தம் வீரரைக் குடியானவர்கள் சித்திரவதை செய்து கொன்றதால் வீரர்களே சினந்து தீவைத்தனர் என்பது துரேன் தந்த விளக்கம். தனிப்போர் நடக்கவில்லை. தீவைத்தவர் வீரரே ஆயினும் படைக்குத் தலைவர் அவரன்றோ? அவ்விளக்கம் நமக்குப் போதவில்லை. நாந்தேயின் உளி கீறிய அமைதியான முகத்தில் அந்தப் புகையைத் தேடினால் கிடைக்காது.

1675 ஜூலை 27-இல் சாஸ்பாக் என்னுமிடத்தில் பீரங்கிக் குண்டு பட்டு மாண்டார். லூயி மன்னர் அவரை அரசர்களின் கல்லறைகள் உள்ள புனித தெனிஸ் ஆலயத்தில் அடக்கம் செய்வித்தார். 1793-இல் புரட்சிக்காரர் அரசர்களின் எலும்புகளைக் குழியில் கொட்டியபோது இவர் உடலைமட்டும் விட்டுவைத்தனர். 1800-இல் நெப்போலியன் அதைப் பாரீசின் இன்வாலீத் ஆலயத்துக்கு மாற்றினார். இன்றும் அங்கேயே உள்ளது.