கால்வாய் முறையும் கம்பி முறையும்

பொதிகை மலையிலே தோன்றி, பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, இரு பருவ மழைகளாலும் பயன்பெறும் பாக்கியம் வாய்ந்த நதி. ஆயினும் ஆற்றில் பிரவாகம் இருகரையும் தொட்டு ஓடும் நாளிலேயே தன் வயல் வெடித்துக் கிடப்பதைக் கண்டு நின்ற கடைமடைக் குடியானவர் இந்தத் தீரத்தில் எல்லாத் தலைமுறையிலும் இருந்திருக்கின்றனர். தலையிலே பெருக்கு இருப்பது வேறு, கடையிலே வந்து சேர்வது வேறு என்னும் உண்மையை இந்நாட்டார் அறிந்தது அவ்வாறுதான்.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக அமைந்த எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. அவற்றிலிருந்து கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய் முதலியன பிரிந்து, கார், பிசானம் என்னும் இரு போகத்துக்கும் நீர் கொடுத்து வந்தன. எல்லா மடைகளும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டால் ஒருவருக்கும் போதிய நீர் இராது என்பதனால், இன்ன மடைக்கு இன்ன பொழுது என்று முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கம் ஏற்பட்டது. கால்வாயைக் குடிகளே கூடித் தூர்வாரும் குடிமராமத்து என்னும் பழைய தர்மத்துக்கு 1858-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் சட்ட வடிவமும் கொடுத்தது. கடைமடையில் நீர் குறைந்தால் விவரம் அறிந்தவர்கள் ஆற்றை நோவதில்லை. தலைமதகிலிருந்து கால்வாயோடு நடந்து, எங்கே அமலைச் செடி அடைத்திருக்கிறது, எங்கே கரை கசிகிறது, எவர் தம் முறை கடந்தும் மடையை அடைக்காமல் இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருவார்கள்.

இந்த நடையை நம் வீடுகளில் மறந்துவிட்டோம் என்பதே என் கவலை. பாளையங்கோட்டையிலோ நெல்லை டவுணிலோ ஒரு வீட்டில், மாடியிலுள்ள கம்ப்யூட்டரிலிருந்து கீழே உள்ளதற்குக் கல்யாண வீடியோவை அனுப்பினால் அது மணிக்கணக்கில் ஊர்கிறது. உடனே இன்டர்நெட் கம்பெனியை நோகிறோம். ஒரே வீட்டுக்குள் இரு கம்ப்யூட்டர்களுக்கு இடையே நேரே செல்லும் கோப்பு வெளியூர் இணைப்பைத் தொடுவதே இல்லை. கோளாறு நம் காலிலேயே இருக்க, நாம் ஆற்றைப் பழிக்கிறோம்.

கம்பி வழியின் பூர்வ சரித்திரமும் முறையைப் பற்றிய சரித்திரமே. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிசாலையில் ராபர்ட் மெட்கால்ஃப் ஈத்தர்நெட் என்னும் ஏற்பாட்டைக் கருதியபோது, கம்ப்யூட்டர்கள் அனைத்தும் ஒரே கேபிளைப் பங்கிட்டுக் கொண்டன. இரண்டு ஒருங்கே பேசினால் செய்திகள் மோதிச் சிதைந்தன, இரண்டும் சிறிது பொழுது ஒதுங்கி மறுபடி முயன்றன. முறை வைக்காத கால்வாய் அது. பின்னர் ஸ்விட்ச் என்னும் சாதனம் வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிக்கால் வெட்டிக் கொடுத்தது. வினாடிக்கு 10 மெகாபிட் என்றிருந்த வேகம் 1995-இல் 100 ஆகவும், 1999-இல் சாதாரணச் செம்புக் கம்பியிலேயே 1000 ஆகவும் உயர்ந்தது.

ஆனால் இந்த ஆயிரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேபிளுக்குள் முறுக்கிய நான்கு இணைக் கம்பிகளில் நூறுக்கு இரண்டு இணை போதும். ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். முனையில் ஒரு கம்பி சரியாகப் பொருந்தாவிடினும், இடையே பழைய ஸ்விட்ச் ஒன்று இருப்பினும், இணைப்பு அறாமலே நூறுக்கு இறங்கிவிடக்கூடும், ஒருவரும் அறியமாட்டார். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் ஆதலால், நூறு மெகாபிட்டில் வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. நான்காயிரம் மெகாபைட் வீடியோ ஆயிரத்தில் அரை நிமிஷத்துக்குச் சற்று மேல் போதுமெனில், நூறில் ஐந்து நிமிஷத்துக்கும் அதிகம் கேட்கும்.

வைஃபை மறுபடியும் அந்தப் பழைய பொதுக்கால்வாயே. 1999-இல் அதன் ஒரு வகை 11 மெகாபிட் வேகம் கண்டது; 2005-இல் இந்தியாவில் அதற்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று அரசாங்கம் விதித்தபின் வீடுதோறும் பரவலாயிற்று. எல்லாரும் ஒரே ஆகாயத்தைப் பங்கிடுவதால், மூலையிலிருக்கும் பழைய கருவி ஒன்று மெதுவாகப் பேசும்போது மற்றவை அனைத்தும் காத்திருக்கின்றன. தன் முறையை நீட்டிக்கொள்ளும் மடை அதுவே.

ஆகவே பரீட்சையும் பழைய கிரமத்திலேயே நடக்கவேண்டும். முதலில் வைஃபையை நீக்கிக் கேபிளில் அனுப்பிப் பார்க்க வேண்டும். வேகம் பிறந்தால் குற்றம் ஆகாயத்தில். பிறக்காவிடின் கேபிளை மாற்றி, பின் ஸ்விட்சை மாற்றி, ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும். பதினாயிரம் சிறு கோப்புகளைத் தனித்தனியே அனுப்புவதால் தாமதமா என்று அறிய, அதே அளவுள்ள ஒரே பெரிய கோப்பை அனுப்ப வேண்டும். இறுதியாக, நீரை வாங்கும் வயலே மேடாக இருக்கலாம். வந்து விழும் பழைய ஹார்ட் டிஸ்க் எழுதும் வேகத்தையும் பார்த்தல் அவசியம்.

பிசானத்துக்கு நீர் திறக்குமுன் காலைத் தூர்வாரிய மக்கள் நாம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் கம்பிக்கும் வருஷத்தில் ஒரு நாள் அந்த மராமத்தைச் செய்தல், முன்னோர் வழக்கத்தை நாம் கைவிடவில்லை என்பதற்கு ஒரு சிறு சாட்சியாகும்.