ஆகக் கிட்ட இருக்கிற பம்பி எது?

லண்டன் சோஹோ பகுதியின் தெருக்கள். வீட்டு வாசல்களில் அடுக்கின மாதிரி சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். நடுவில் ஒரு தண்ணீர்ப் பம்பி. ஒரு கோடு ஒரு சாவு. வைத்தியர் ஜோன் ஸ்னோவின் 1854 கொலரா வரைபடத்தைப் புவியியல் படித்தவர்கள் ஒருக்காலாவது பார்த்திருப்பீர்கள். அதோடு ஒட்டிவரும் கதையும் தெரிந்திருக்கும்: ஸ்னோ வரைபடம் கீறினார், சாவுகள் புரோட் ஸ்ட்ரீற் பம்பியைச் சுற்றி மொய்த்திருப்பதைக் கண்டார், பம்பியின் கைபிடியைக் கழற்ற வைத்தார், கொலரா நின்றது. நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தம்.

போன விடுமுறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எஸ்.கியூ.எல். பழகத் தொடங்கினம். (கலைப்பீடத்துக்கு இது எதுக்கு எண்டு கேட்டவை கன பேர். அவைக்குப் பதில் பிறகு.) பழகுவதற்கு ஸ்னோவின் தரவையே எடுத்தம். 1992 இல் ரஸ்டி டொட்சன் என்பவர் வோல்டோ டொப்லரின் மேற்பார்வையில் அந்த வரைபடத்தை எண்ணாக்கம் செய்திருக்கிறார். 578 சாவுகள், 13 பம்பிகள், எல்லாம் புள்ளிகளாக. கிட்ட இருப்பவை தூர இருப்பவற்றைவிட ஒன்றோடொன்று கூடுதலாகத் தொடர்புபட்டவை எண்டு சொன்ன அதே டொப்லர்தான்.

எஸ்.கியூ.எல். பிறந்த காலத்தில் அதற்கு இலக்கமும் எழுத்தும்தான் தெரியும். இடம் தெரியாது. புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றையும் ஒரு நிரலுக்குள் வைக்கலாம், அவற்றுக்கிடையே தூரம் கேட்கலாம் எண்டு ஒரு பொது நியமம் 1999 இல் வந்தது. 2001 இல் கனடாவில் ஒரு சின்ன நிறுவனம் போஸ்ட்ஜிஐஎஸ் எண்ட இலவச மென்பொருளை வெளியிட்டது. 'எஸ்.டி.' எண்டு தொடங்கும் கட்டளைகள் அதில் வரிசையாக இருக்கும்: இரண்டு புள்ளிக்கிடையே எவ்வளவு தூரம், இந்த வட்டத்துக்குள் எவை விழும், இந்தப் பரப்புக்குள் இந்தப் புள்ளி இருக்கா. இப்போ தனியாகத் தரவுத்தளச் சேவையகம் கூடத் தேவையில்லை. டக்டிபி மாதிரி ஒன்றை லப்டொப்பில் போட்டால், நீங்களே தட்டச்சிட்ட சி.எஸ்.வி. கோப்பை அப்படியே அட்டவணையாக எடுத்து இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். ஒரு ஊரின் கிணறுகளையோ பழைய மரணப் பதிவேட்டையோ கையால் பதிந்து வைத்திருக்கும் ஆருக்கும் இது பெரிய விசயம்.

முதல்நாள் நாங்கள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாறிப் போட்டிட்டம். சோஹோ முழுக்க சோமாலியாவுக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்தில் மிதந்தது. இந்தக் கட்டளைகள் முதலில் தீர்க்கரேகையைத்தான் கேட்கும்.

அதைத் திருத்தின பிறகு வினவல் பத்து வரிதான். ஒவ்வொரு சாவுக்கும் எல்லாப் பம்பிகளுக்குமான தூரத்தைக் கணி, ஆகச் சிறியதை எடு, பம்பி வாரியாக எண்ணு. கண்மூடித் திறக்க முன்னம் விடை வந்திட்டுது. சாவுகளின் பெரும்பங்கு புரோட் ஸ்ட்ரீற் பம்பிக்கு. ஸ்னோ சரி, நாங்களும் கெட்டிக்காரர் எண்டு தேத்தண்ணி குடிக்கப் போனம்.

சிக்கல் அதுக்குப் பிறகுதான். எங்களில் ஒருத்தி ஸ்னோ 1855 இல் வெளியிட்ட நூலை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். அதில் வரிசையே வேற. செப்டெம்பர் 7 மாலை அவர் பரிஷ் சபையிடம் போனபோது கையில் வரைபடம் இல்லை. அடுத்த நாள் கைபிடி கழற்றப்பட்டது. வரைபடத்தை அவர் ஒரு கூட்டத்தில் காட்டியது டிசம்பரில். நோய் கைபிடி கழற்ற முன்னமே குறையத் தொடங்கியிருந்ததையும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அவரிடம் இருந்தது ஒரு பட்டியல். பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் கேட்டு வாங்கிய, அந்த வாரத்தின் கடைசி மூன்று நாட்களுக்கான 83 கொலராச் சாவுகள். அதில் 73 சாவுகள் புரோட் ஸ்ட்ரீற் பம்பியின் அயலில். எங்கட பத்து வரி வினவல் கேட்டதும் இதைத்தான், 83க்குப் பதிலாக 578 வைத்து. மிச்சம் 10 வேறொரு பம்பிக்குத் தெளிவாகவே கிட்ட. நாங்களெண்டால் அந்தப் பத்தை விதிவிலக்கு எண்டு எழுதி முடித்திருப்பம். ஸ்னோ போய்க் கதவைத் தட்டினார். ஐந்து வீடுகளில் சொன்னார்கள்: கிட்ட உள்ள தண்ணி எங்களுக்குப் பிடிக்காது, எப்பவும் புரோட் ஸ்ட்ரீற்றுக்குத்தான் ஆள் அனுப்புவம். இன்னும் மூன்று பேர் அந்தப் பம்பிக்குக் கிட்டப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். கிட்ட இருந்த 73 பேரையும் அவர் சும்மா விடவில்லை. விசாரித்ததில் 61 பேர் அந்தத் தண்ணியைக் குடித்தவர்கள் எண்டு உறுதியானது.

இதை வாசித்தபோது, கடற்கரைப் பக்கம் வீடுள்ள எங்கட சிநேகிதி ஒருத்தி சிரித்தாள். அவளின்ர வீட்டு முத்தத்திலேயே கிணறு இருக்கு. ஆனா உவர். குளிக்க, தோய்க்க மட்டும்தான். குடிதண்ணிக்கு அம்மா கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போறது அடுத்த குறிச்சிக் கோயில் கிணத்தடிக்கு. எங்கட வினவலை அவளின்ர ஊருக்குப் போட்டால் அந்தக் குடும்பம் முத்தத்துக் கிணத்தில குடிக்குது எண்டுதான் வரும்.

ஸ்னோவின் நூலில் எங்களை நிறுத்தி வைத்தவை எல்லாம் இப்படியான இடங்கள்தான். போலண்ட் ஸ்ட்ரீற்றில் ஏழைகளை வைத்து வேலை வாங்கும் இல்லம். சுற்றிவரச் சாவு வீடுகள், உள்ளே 535 பேர், இறந்தது ஐந்து பேர் மட்டும். அவர்களுக்கு வளவுக்குள் சொந்தக் கிணறு. புரோட் ஸ்ட்ரீற்றிலேயே இருந்த பியர் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பம்பிப் பக்கமே போகாமல் பியர் குடித்தார்கள் (இதை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை). மறுபக்கம், தூரத்தில் ஹம்ப்ஸ்ரெட்டில் ஒரு விதவைத் தாய். முன்னம் புரோட் ஸ்ட்ரீற்றில் இருந்தவர், அந்தத் தண்ணியின் ருசி விட்டுப்போகாமல் தினமும் போத்தலில் எடுப்பித்துக் குடித்தவர். செப்டெம்பர் 2 ஆம் திகதி கொலராவில் இறந்தார். எந்த வட்டத்துக்குள்ளும் விழாத புள்ளி. ஸ்னோவின் வாதத்துக்கு ஆகப் பலமான சாட்சியும் அதுதான்.

தூரம் எண்டதையே அவர் எங்களைவிடக் கவனமாகப் பிடித்திருக்கிறார். எங்கட கட்டளை வீட்டுக் கூரைகளுக்கு மேலால் காகம் பறக்கிற தூரத்தைக் கணித்தது. வரைபடத்தின் பிந்திய பிரதியில் ஸ்னோ போட்ட எல்லைக்கோடு, வாளியோடு தெருவால் நடந்து போற தூரத்தை வைத்துப் போட்டது. அதை எஸ்.கியூ.எல்.லில் செய்யத் தெருக்கள் முழுவதையும் இன்னொரு அட்டவணையாக ஏற்ற வேணும். நாங்கள் இன்னும் அதில்தான் நிற்கிறம்.

ஸ்னோவை முதலில் நம்பாத ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். அந்தப் பகுதியின் உதவிக் குரு ஹென்றி வைற்ஹெட். பிழையெண்டு காட்டத்தான் அவர் விசாரிக்கத் தொடங்கினார். செத்தவர்களோடு நிற்காமல் பிழைத்தவர்களிடமும் எந்தத் தண்ணி குடித்தீர்கள் எண்டு கேட்டார். கடைசியில் ஸ்னோவின் பக்கம் வந்து சேர்ந்தார். நோய் எங்கிருந்து பம்பிக்குள் போனது என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்: பம்பிக்கு முன்னாலிருந்த 40 ஆம் இலக்க வீட்டில் இறந்த ஒரு கைக்குழந்தை. துணி தோய்த்த தண்ணியைத் தாய் ஊற்றிய மலக்குழிக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையில், 1855 இல் தோண்டிப் பார்த்தபோது, 2 அடி 8 அங்குலம்.

அந்தக் குழந்தையின் மரணப் பதிவில் கொலரா எண்ட சொல் இல்லை. வயிற்றோட்டத்தால் களைத்துப்போய் எண்டுதான் இருக்கு. காரணம் 'கொலரா' எண்டு வடிகட்டும் எந்த வினவலிலும் அந்த நிரை வராது.