பிக்அப்பின் பின் பாதி

பழைய அமெரிக்க பிக்அப் வண்டிகளை ரசிப்பவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கிரில், விளக்கு, பானட், பெயிண்ட். ஆனால் அந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதைச் சொல்வது டிரைவர் சீட்டுக்குப் பின்னால், சாமான் தொட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு இரும்புச் சட்டங்கள். துருப்பிடித்த அந்தப் பின் பாதிச் சேஸியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்களே, அதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன். படிப்பது பி.காம். என்பதால் நடுவில் கொஞ்சம் கணக்குப் பதிவியலும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

1917-ல் ஃபோர்டு கம்பெனி 'மாடல் டிடி' என்று ஒரு டன் பாரவண்டியை 600 டாலருக்கு விற்றது. வண்டி என்றா சொன்னேன்? வெறும் சேஸி. இன்ஜின், சக்கரம், இரண்டு நீளச் சட்டம், அவ்வளவுதான். அதற்கு மேல் பெட்டி கட்டிக்கொள்வது வாங்கியவர் பாடு. ஊர்த் தச்சரிடமோ பாடி கட்டும் கம்பெனியிடமோ போக வேண்டும். 1925-ல்தான் ஃபோர்டு, சின்ன 'மாடல் டி' வண்டிக்குப் பின்னால் தொட்டியையும் தானே பொருத்தி 281 டாலருக்குக் கொடுத்தது. அதுவரை முன் பாதி கம்பெனியுடையது, பின் பாதி வாங்கியவருடையது. இந்தப் பாகப்பிரிவினை முழுசாக முடியவே இல்லை என்பது என் எண்ணம்.

சேஸியின் அமைப்பு எளிமையானது. ஓர் ஏணியைப் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள், மூலைகளில் ரிவெட். பின் ஆக்ஸில் வரும் இடத்தில் மட்டும் சட்டம் மேல்நோக்கி வளைந்து ஆக்ஸிலைத் தாண்டிப் போகும். அதன் அடியில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பாரம் ஏற்றினால் அருமையாக இருக்கும். காலியாக ஓட்டினால் இடுப்பெலும்பு கணக்குக் கேட்கும்.

1950-களில் பிக்அப் வாங்கியவர்கள் எல்லோரும் மூட்டை ஏற்றுபவர்களாக இல்லை. குடும்பத்தோடு கடைக்குப் போகவும் அதே வண்டிதான். இதை மனதில் வைத்து ஷெவர்லே 1960-ல் ஒரு துணிச்சலான வேலை செய்தது. தன் அரை டன் சி-10 வண்டியின் பின்னால் பட்டைகளை எடுத்துவிட்டு, கார் மாதிரி காயில் ஸ்பிரிங் வைத்தது. ஆனால் காயில் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குமே தவிர, ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளாது. பட்டை இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. எனவே வண்டியின் நடுவிலுள்ள ஒரு குறுக்குச் சட்டத்திலிருந்து ஆக்ஸிலுக்கு இரண்டு நீளக் கைகளை நீட்டினார்கள். சக்கரம் தள்ளும் விசை முழுவதும் இந்தக் கைகள் வழியாகத்தான் சேஸிக்கு வரும். (இதே கை அமைப்பைப் பிற்பாடு நாஸ்கார் பந்தயக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கப் பந்தயக் கார்களில் 2021 வரை அது இருந்தது. மூட்டை வண்டியின் எலும்பு மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் ஓடியிருக்கிறது பாருங்கள்.)

ஃபோர்டு வேறு வழியில் போனது. 1961-ல் எஃப்-100 வண்டியில் கேபினையும் தொட்டியையும் ஒரே உடலாகச் சேர்த்துவிட்டது. ஏணிச் சேஸி நெளியும், மேலே உள்ள உடல் நெளியாது. அதிக பாரம் ஏற்றினால் கதவு திறக்காது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. கதையோ நிஜமோ, 1963-க்குப் பிறகு அந்த ஒட்டு உடல் இல்லை. ஷெவர்லேயின் காயிலும் 1972 வரைதான். 1973-ல் வந்த புதிய வண்டியில் மறுபடி பட்டைக்கே திரும்பிவிட்டார்கள்.

இனி நிகழ்காலம். 1963 முதல் 1972 வரை வந்த சி-10 வண்டிகளுக்கு இன்று ரசிகர்கள் அதிகம். பனி விழும் மாநிலங்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புச் சேறு, 'ப' எழுத்தைச் சாய்த்து வைத்தது போன்ற சட்டத்தின் கீழ் உதட்டில் தங்கிவிடும். இரண்டு தகடு ரிவெட்டால் சேருமிடத்தில் துரு புகுந்தால் உப்பிக்கொண்டு தகட்டையே பிளக்கும். கைகள் வந்து சேரும் குறுக்குச் சட்டத்திலேயே இப்படி ஆனால் வண்டியை ஓட்டுவது ஆபத்து.

திருத்துவது நிதானமான வேலை. முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சேஸி கோணவில்லை என்று அர்த்தம். வெட்டுவதற்கு முன் தற்காலிகமாகக் குறுக்குக் கம்பிகளை வெல்டிங் வைத்துக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் பின் பாதி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ரிவெட்டின் தலையைத் தேய்த்து, துளையிட்டு, தட்டி வெளியே எடுக்கிறார்கள். புதுச் சட்டத்தை நேர் கோட்டில் ஒட்டுவதில்லை. சாய்வாகவோ படிக்கட்டு மாதிரியோ வெட்டி ஒட்டுகிறார்கள், ஒரே இடத்தில் பாரம் விழாமல் இருக்க. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் குணம் மாறிவிடும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் பல இடங்களில் ரிவெட்டுக்குப் பதில் துளைக்குச் சரியாக இறுகும் உயர்தர போல்ட்டே போடுகிறார்கள்.

எனக்குச் சுவையாகப் பட்டது இதற்கு அடுத்த கட்டம்தான். பின் பாதியைத் திறந்தவர்கள் பலர் அதைப் பழையபடி மூடுவதில்லை. வண்டி தரையோடு தரையாக உட்கார வேண்டும் என்பதற்காக, ஆக்ஸிலுக்கு நேர் மேலே சட்டத்தின் அடியை அரை வட்டமாக வெட்டிவிட்டு, அதைச் சுற்றி ஒரு கனமான தகட்டை வைத்து வலுப்படுத்துகிறார்கள். எங்கள் பாடத்தில் ஒரு விதி உண்டு. சொத்தின் பழைய திறனைத் திருப்பிக் கொடுத்தால் அது வருவாய்ச் செலவு, திறனைக் கூட்டினால் மூலதனச் செலவு. ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டி, இரண்டு மூட்டை ஏற்றவே யோசிக்க வேண்டிய வண்டியாக மாற்றினால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? விலை என்னவோ ஏறத்தான் செய்கிறது. இருந்தாலும் என் ஓட்டு பாரம் சுமக்கும் வண்டிக்கே.

ஒரு மாற்றத்தை மட்டும் நான் முழுமனதாக ஆதரிப்பேன். 1972 வரை சி-10-ன் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஓட்டுபவரின் முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ஒரு சாய்மானம்தான். 1973-ல் அதை வெளியே எடுத்த ஜெனரல் மோட்டார்ஸ், நீளச் சட்டங்களுக்கு வெளிப்பக்கம் தொங்கவிட்டது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் காப்பாற்றச் சட்டம் இல்லை. வழக்குகள் குவிந்தன. 1994-ல் அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டு, பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. இன்று பின் பாதியைத் திருத்துபவர்களில் பலர் டேங்கை ஆக்ஸிலுக்குப் பின்னால், இரண்டு சட்டங்களுக்கும் நடுவே வைக்கிறார்கள். அதற்காகப் பின் குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டியிருந்தால் நகர்த்தி, தொட்டியைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் மறுபடி ஒருமுறை மூலைக்கு மூலை அளந்து பார்க்கிறார்கள்.